பாய்முதுகுப் பல்லியின் கால்கள்

என் வயதுக்காரர்களே, படியிறங்கும்போது கைப்பிடியைத் தேடுகிறவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். சின்னப் பிள்ளைகள் வாசித்தால் வாசிக்கட்டும், ஆனால் குறுக்கே பேசக் கூடாது. அவர்களுக்கு எல்லாம் தெரியும். கைப்பேசியில் விரலைத் தேய்த்தால் ஆதிகாலத்து மிருகமெல்லாம் உறுமிக்கொண்டு வந்து முழு உருவமாக நிற்கிறது. எங்கள் வீட்டுக்கு டைனோசர் வந்தபோது பாதிதான் வந்தது. மீதிப் பாதி ஏதோ ஒரு வெடிக்குள் போய்விட்டது.

சிவகாசிப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெடிக்குக் குழல் சுருட்டக் காகிதம் வேண்டும். அது கட்டுக் கட்டாகக் கப்பலில் வரும். எங்கெங்கோ தேசத்தில் வாசித்து முடித்துத் தூக்கிப்போட்ட பழைய பத்திரிகைகள். கம்பெனியில் அவற்றைக் குழலுக்குத் தக்க அளவில் வெட்டி வீடுகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். பெண்கள் இரும்புக் கம்பியில் சுற்றிப் பசை தடவி உருட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். விஸ்வநத்தத்தில் எங்கள் தெரு முழுக்க இந்த வேலைதான். மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அந்தப் பச்சை வாடை எங்கள் சோற்றில்கூட வீசும். கை கழுவாமல் சாப்பிட்டால் முதுகில் அடி விழும்.

அம்மா வலது கையில் குழலை உருட்ட மாட்டாள், இடது கையில்தான். வலது கையின் விரல்கள் இரண்டு ஒட்டிப் போயிருந்தன. நான் பிறப்பதற்கு முன்னால் அவள் வேறொரு கம்பெனியில் மருந்து ரூமில் வேலை பார்த்தாள். மருந்து ரூம் என்றால் ஆஸ்பத்திரி இல்லை, வெடிக்குள் கரிமருந்தை அடைக்கிற சின்னக் கட்டடம். ஒருநாள் பொறி பட்டுவிட்டது. ஊர் பேசுகிற அளவுக்குப் பெரிய விபத்து இல்லை. அம்மாவின் கை மட்டும்தான். தீப்பிடித்தால் ஊற்றுவதற்கென்று வாசலில் சிவப்பு வாளி தொங்கியிருக்கிறது. கோடைக்காலம், தொட்டி வறண்டுவிட்டது, வாளித் தண்ணீரை யாரோ தாகத்துக்குக் குடித்திருக்கிறார்கள். அம்மா கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த கம்பெனிக் கிணறு வரைக்கும் ஓடினாளாம். பிற்காலத்தில் யாராவது கேட்டால் கை வெந்ததைப் பற்றி அவள் பேச மாட்டாள். "வாளி காலியாக் கெடந்துச்சு" என்று மட்டும் சொல்வாள்.

இனி அக்கா. என்னைவிட மூத்தவள், என்னைவிட அழகு, என்னைவிடப் பொறுமைசாலி, இந்த மூன்றையும் நான் வெகுநாள் மன்னிக்கவில்லை. அந்த வருஷம் அவள் பத்தாவது முடிக்கிறாள். அப்பா கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். பரீட்சை முடிந்த கையோடு அக்காவை மருந்து ரூமுக்கு அனுப்புவதாக போர்மேனிடம் அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அப்பா கொடுமைக்காரர் இல்லை. வீட்டில் இருந்து குழல் சுருட்டினால் வயிறு நிறையாது என்பது அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். அம்மா மட்டும் ஒருநாள் சொன்னாள்.

"அவள அங்கன மட்டும் அனுப்பாதீக."

"வேற எங்கன அனுப்ப? எடத்தச் சொல்லு, அனுப்புறேன்" என்றார் அப்பா.

அம்மாவிடம் இடம் இல்லை.

இந்த நிலைமையில்தான் டைனோசர் வந்தது. வழவழப்பான தாளில் பசை பிடிக்காது, அதனால் காகிதக் கட்டில் வழவழத் தாள் கிடந்தால் அம்மா தனியாக எடுத்து வைப்பாள். ஒரு மாசி மாதத்து மத்தியானம் அப்படி ஒதுக்கிய தாளை அக்கா புரட்டினாள். நீண்ட முதலை மூஞ்சி. வாய் நிறையக் கூம்புக் கூம்பாகப் பற்கள். முன்னங்கையில் கொக்கி மாதிரி நகம். முதுகில் வரிசையாக முள்ளெலும்புகள் எழும்பி, அவற்றின் மேல் தோல் போர்த்தி, விரித்த விசிறியாக நின்றது. வயிற்றுக்குக் கீழே ஒன்றும் இல்லை, கட்டிங் மிஷின் தின்றுவிட்டது. இடுப்புக்குப் பின்னாலும் இல்லை. மீதித் துண்டு கவனிக்காமல் குழலாகிக் கம்பெனிக்குப் போயிருக்க வேண்டும்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னத்தா இது, ஓணான் முதுகுல பாய விரிச்சு வச்சிருக்கு?"

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பாய்முதுகுப் பல்லி என்றாகிவிட்டது. அக்கா அதைச் சோற்றுப் பருக்கையால் சுவரில் ஒட்டினாள். நான் குளித்துவிட்டு வந்து அதன் முன்னால் நின்றுதான் தலை சீவுவேன். அதன் கண் எந்தப் பக்கம் நின்றாலும் என்னையே பார்த்தது.

ஒருநாள் அக்கா தாளைப் பிய்த்து எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியாரிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். நல்ல மனிதர். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவார், அந்தக் காலத்து வாத்தியார்களில் அது அபூர்வம்.

"இது டைனோசரும்மா. மாமிசம் திங்கிற சாதி. முதுகுல இருக்க முள்ளு ஒவ்வொண்ணும் ஆள விட ஒசரம். வெயில்ல முதுகக் காட்டி ஒடம்பச் சூடு பண்ணிக்கிடும்னு சொல்றாக. நிச்சயமாத் தெரியல."

"காலு எப்படி சார் இருக்கும்?"

"அங்கனதான் இடிக்குது. எலும்ப ஆப்பிரிக்காவுல பாலைவனத்துல இருந்து எடுத்தாக. வெளிநாட்டுல ஒரு காட்சிசாலையில வச்சிருந்தாக. பெரிய சண்டை நடந்தப்ப குண்டு விழுந்து அம்புட்டும் போச்சு. முழுக் கால எவனும் பாக்கல. படம் போடுறவுக ஆளுக்கு ஒண்ணாப் போடுறாக."

சாயங்காலம் தாளைப் பழைய இடத்தில் ஒட்டிக்கொண்டே அக்கா இதை வீட்டில் சொன்னபோது அம்மாவின் கை நின்றது. "எலும்பாக் கெடந்தும் வெடியிலதான் போச்சா?" என்றாள். பிறகு அடுத்த தாளை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். அப்பாவுக்கு வேறு விஷயம் பிடித்துப்போனது. வெயிலுக்கு முதுகைக் காட்டுமாமே. "நம்ம களத்துல வெடிச் சரக்கக் காயப் போடுற மாதிரி" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். மழை பெய்யாத ஊருக்கு ஏற்ற மிருகம் என்று எங்கள் எல்லோருக்கும் அதன் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. அது காய்ந்த பூமியில், கருவேலங்காட்டுக்கு நடுவில், கடலைக்காட்டை மிதித்துக்கொண்டு நடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். வெயிலிலேயே பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு வேறு எப்படி நினைக்கத் தோன்றும்?

அக்கா படம் வரைவாள். கோலப்பொடி, கரித்துண்டு, கையில் எது கிடைத்தாலும். அந்தப் பல்லியை முழுசாக வரைய வேண்டும் என்று அவளுக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. கம்பெனிக்கு லேபிள் அச்சடிக்கிற பிரஸ்ஸுக்கு அப்பா லோடு இறக்கப் போகும்போது, கழித்துப்போட்ட மை டின்களைக் கேட்டு வாங்கி வருவார். அடியில் ஒட்டியிருக்கும் மையை மண்ணெண்ணெய் விட்டுக் கரைத்து, மென்று நசுக்கிய வேப்பங்குச்சியால் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்தாள். வீடே மண்ணெண்ணெய் வாடை. தலை வந்துவிட்டது, முதுகுப் பாயும் வந்துவிட்டது. வயிற்றோடு நின்றுவிட்டாள்.

அந்த வருஷம் பின்மழை நன்றாகப் பெய்து, ஆனைக்குட்டம் அணையில் பங்குனி வரைக்கும் தண்ணீர் கிடந்தது. அந்தப் பக்கம் எங்கள் குலசாமி. கும்பிடப் போன இடத்தில் அக்கா பொங்கல் பானையை என்னிடம் விட்டுவிட்டுத் தண்ணீரோரம் போய் உட்கார்ந்துவிட்டாள். ஒரு நாரை நின்றது. கால் தெரியவில்லை, தண்ணீருக்கு மேல் உடம்பு மட்டும் மிதக்கிற மாதிரி இருந்தது. அசையவே இல்லை. செத்துப்போய்விட்டதோ என்று நான் சத்தமாகக் கேட்டேன். அந்த நேரம் பார்த்துக் கழுத்து பாய்ந்தது, அலகில் மீன். பொங்கல் அடிபிடித்துவிட்டது. அம்மாவிடம் ஏச்சு வாங்கியது நான்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா படத்தை முடித்துவிட்டாள். பாய்முதுகுப் பல்லி வயிறளவு தண்ணீரில் நின்றது. பின்னால் அணைக்கரை. நீளமான வாயின் நுனியில் ஒரு மீன் துடித்தது, வெள்ளி நிறத்தில். அந்த வெள்ளியை அவள் எங்கே பிடித்தாள் தெரியுமா? சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் இறங்குகிறவர்கள் உடம்பெல்லாம் அலுமினியப் பொடி மின்னும். பக்கத்து வீட்டு மதினியின் முந்தானையை உதறி வாங்கிக்கொண்டாள்.

அப்பா பார்த்துச் சிரித்தார். "காலு போடத் தெரியல, தண்ணிய ஊத்தி மூடிட்டா கெட்டிக்காரி."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். இல்லை என்று அவள் சொல்லவில்லை.

சுருட்டிய குழல்களைச் சனிக்கிழமை கம்பெனியில் கொண்டுபோய்ப் போட வேண்டும். அந்தச் சனிக்கிழமை அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனாள். குழல் மூட்டைக்கு மேலே, வேட்டித் துணியில் சுற்றி, அக்காவின் படம். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கம்பெனிக்கு லேபிள் வரைகிறவர் வேறு ஊருக்குப் போய்விட்டார், சீசனுக்குப் புது லேபிள் இல்லாமல் முதலாளி அலைகிறார் என்பதை அவள் எப்படியோ தெரிந்து வைத்திருந்தாள். இடம் இருந்தால் சொல்லு என்று அப்பா கேட்டாரே, அதற்குப் பதில் தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

முதலாளி மெதுவாகப் பேசுகிறவர். எந்நேரமும் மூக்குப்பொடி டப்பா கையில் உருளும். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. லேபிள் மாதிரியை வெறும் பெட்டியில் ஒட்டி, மற்றப் பெட்டிகளோடு அலமாரியில் வைத்துவிட்டு, கேட் வரைக்கும் நடந்துபோய்த் திரும்பிப் பார்ப்பார். கடைக்கு வருகிறவன் தூரத்தில் இருந்துதானே பார்ப்பான் என்பார். தூரத்தில் கண்ணைப் பிடிக்காத லேபிளுக்கு அவரிடம் மரியாதை கிடையாது. அக்காவின் படத்தையும் அப்படி அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு நடந்தார். நாங்கள் மூன்று பேரும் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அம்மா ஒட்டிய விரல்களை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

திரும்பி வந்தார். "யாரு போட்டது? நீயா தாயி? மிருகம் சோக்கா இருக்கு. முதுகுல அந்த விசிறி நல்லா எடுக்குது."

"எம் மூத்த மக மொதலாளி. பத்தாப்பு முடிக்கப் போறா" என்றாள் அம்மா.

"ஆனா வெடிப் பொட்டியில தண்ணியப் போடுவாகளா? கடைக்காரன் பாத்தா சரக்கு நமுத்துப்போச்சுன்னுல்ல நெனைப்பான். இம்புட்டு வருசத்துல எந்த லேபிள்லயாவது தண்ணியப் பாத்திருக்கியா?"

உண்மைதான். சிங்கம், புலி, ராக்கெட், பூச்சட்டி, நாட்டியக்காரி எல்லாம் உண்டு. தண்ணீர் கிடையாது. பட்டாசு ஊரில் பிறந்த ஒருத்தி அதை மறந்துபோனாளே என்று எனக்கு அக்காவை நினைத்து வெட்கமாகக்கூட இருந்தது.

"தண்ணிய எடுத்திரு. கீழ நெருப்பு மலை போடு. காலு ரெண்டும் கெட்டியாத் தெரியணும். நல்லா வந்துச்சுன்னா பிரஸ்ல லேபிள் வேலைக்கு ஒக்காரு."

அக்கா வாயைத் திறந்தாள். "காலு எப்படி இருக்கும்னு யாருக்குமே தெரியாது மொதலாளி."

"ரொம்ப நல்லதாப் போச்சு. நீ போடுறதுதான் காலு" என்றார்.

பரீட்சை முடிந்ததும் திங்கட்கிழமை மருந்து ரூமுக்கு வரச் சொல்லி போர்மேன் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்கு முன்னால் கால் முளைத்தாக வேண்டும். எதிர்வீட்டில் ஒரு சேவல் இருந்தது, சண்டைச் சேவல், அதன் நடையே பண்ணையார் நடை. அதை நான் பிடித்துக்கொள்ள அக்கா அதன் காலை வரைந்தாள். அது என் முழங்கையில் கொத்திய தழும்பு இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன். வாலுக்கு வேலியில் கிடந்த ஓணான். தண்ணீர் இருந்த இடமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக நெருப்பு. அக்கா நீல மையின் மேல் சிவப்பு மையைப் பூசுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கை நிதானமாகத்தான் போனது. முகத்தில் மட்டும் யாரோ செத்த வீட்டுக்குப் போய் வந்த களை.

மறுபடி அலமாரி, மறுபடி கேட், மறுபடி அந்த முதுகு. முதலாளி திரும்பி வந்து பெட்டியைக் கையில் எடுத்தார்.

"பிடிக்குது. கண்ணப் பிடிக்குது. ஆமா, மீனு எதுக்கு? தீக்குள்ள மீனு எங்கிட்டு இருந்து வந்துச்சு?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணக்கப்பிள்ளை சிரித்தார். "சுட்ட மீனா இருக்கும் மொதலாளி."

அம்மா அக்காவைப் பார்த்தாள். எடுத்துவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லேன் என்பது அந்தப் பார்வை. அக்கா முதலாளி பக்கம் திரும்பினாள்.

"மீன எடுத்தா வாயி வெறுசாப் போயிரும் மொதலாளி. பல்லு எடுபடாது."

முதலாளி ஒரு சிட்டிகை பொடி போட்டார், தும்மினார், கண்ணைத் துடைத்தார். எனக்கு அந்தத் தும்மல் முடியவே முடியாது போலிருந்தது. "சரி, கெடந்துட்டுப் போகுது" என்றார்.

அக்கா பிரஸ்ஸுக்குப் போனாள். அவள் வரவில்லை என்று அப்பாவே போய் போர்மேனிடம் சொல்லிவிட்டு வந்தார். வந்தவர் அம்மாவைப் பார்த்து, "எடத்தச் சொல்லிட்டியே" என்றார். அன்றைக்கு அம்மா கருப்பட்டிப் பணியாரம் சுட்டாள். பண்டிகை இல்லாத நாளில் எங்கள் வீட்டில் பணியாரம் சுட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். நன்றாகச் சாப்பிட்டேன், அக்காவின் பங்கிலும் கொஞ்சம்.

அந்தப் பெட்டிக்கு முதலாளி இங்கிலீஷில் பயங்கரமான பெயர் ஒன்று வைத்தார். தீபாவளிக்குக் கடைக்கு வந்த ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. "மீன் கடிச்ச பொட்டி குடுங்க" என்றுதான் கேட்டார்கள். நெருப்பு மலையில் சேவல் காலோடு நிற்கிற ராட்சசப் பல்லி, அதன் வாயில் வேகாத பச்சை மீன். பள்ளிக்கூடத்தில் என்னைக் கேலி செய்வார்கள், உங்க அக்காவுக்கு மீன் எங்கே நீந்தும் என்றுகூடத் தெரியாதா என்று. ஒருத்தியின் சிலேட்டை உடைத்திருக்கிறேன்.

சுவரில் ஒட்டிய பாதித் தாள் வெள்ளையடித்தபோது போய்விட்டது. முதல் படம் போன இடம் தெரியவில்லை. லேபிள் ஒன்று என் தகரப் பெட்டியின் மூடிக்குள் வெகுகாலம் ஒட்டியிருந்து, பெட்டியோடு பழைய இரும்புக்காரனுக்குப் போனது. அப்பாவும் போனார், பிறகு அம்மா. நானும் வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுக் கிழவியானேன்.

போன மாதம் மகன் வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறேன், அந்த மூஞ்சி வருகிறது. ஸ்பைனோசாரஸ் என்றார்கள். அதே பாலைவனத்தில் மறுபடி தோண்டி, காலை எடுத்திருக்கிறார்கள், வாலையும் எடுத்திருக்கிறார்கள். பின்னங்கால் குட்டை. சேவலின் நடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வால் ஓணான் வாலும் இல்லை, மேலே முள்ளெலும்பு எழும்பி, துடுப்பு மாதிரி அகலமாக இருக்கிறது. எலும்பு கெட்டி, தண்ணீரில் அமிழ்வதற்குத் தோதாக. மூக்குத் துவாரம் மூஞ்சியின் நுனியில் இல்லை, பின்னால் தள்ளி இருக்கிறது. கூம்புப் பல் வழுக்குகிற இரையைப் பிடித்து நிறுத்தவாம். இப்போது பாலைவனமாகக் கிடக்கிற இடம் அப்போது பெரிய ஆறுகள் ஓடிய இடமாம். அது தின்றது மீன். முங்கி நீந்தித் துரத்தியதா, நாரை மாதிரி கரையோரம் நின்று கவ்வியதா என்று படித்தவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். முதுகுப் பாய் எதற்கு என்பதிலும் ஒரு முடிவு இல்லை. தண்ணீரை ஒட்டிப் பிழைத்தது என்பதில் மட்டும் ஒரே பேச்சு.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பையனிடம் சொல்லி அந்தப் படத்தைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு சிவகாசிக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

அக்கா முற்றத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பிரஸ்ஸில் வேலை பார்த்தே பிள்ளைகளை ஆளாக்கியவள். கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுக் கைப்பேசியை மூக்கோடு வைத்துப் பார்த்தாள். திரும்பவும் போடச் சொன்னாள். மூன்றாவது தடவையும் பார்த்தாள்.

"வாலு என்னா அழகு. ஓணான் வாலப் போட்டு அதக் கெடுத்துட்டனே" என்றாள்.

"வால விடு. நீ மொதல்ல தண்ணியில நிக்க வச்சியே, அதுதான் சரியாம். காலு தெரியாம மூடுனது சரியாப் போச்சு பாரு."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "காலு தெரியாமயா? ஏ புள்ள, சேவக் காலு அன்னைக்கும் எதுத்த வீட்டுலதான நின்னுச்சு. நெனச்சிருந்தா மொதல்லயே போட்டிருப்பனே."

இத்தனை வருஷம், அப்பா உட்பட நாங்கள் எல்லோரும் சிரித்த சிரிப்பு. நானும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தேன்.

"பெறகு எதுக்குத் தண்ணி?"

அவள் வெங்காயத் தோலை ஒதுக்கினாள். "படம் லேபிளுக்குன்னு அம்மா எங்கிட்ட மட்டும் சொல்லியிருந்தா. அவ சுருட்டுற குழலு எந்த ஊருக்குப் போகுமோ, எந்தப் பிள்ள கையில இருக்குமோ. வாளி காலியாக் கெடந்துச்சுன்னு அவ சொல்றதக் கேட்டுக் கேட்டு, வெடிப் பொட்டியிலயாவது தண்ணி இருக்கட்டும்னு தோணிச்சு. அதுக்குத்தான் அந்தப் பல்லியத் தண்ணிக்குள்ள எறக்குனேன். எடுத்தாத்தான் வேலைன்னுட்டாக. எடுக்கலைன்னா மருந்து ரூமு. எடுத்துட்டேன்."

"மீன மட்டும் ஏன் விட்ட? அவரு வேண்டாம்னு சொல்லியிருந்தா என்னா செஞ்சிருப்ப?"

"சொல்லலைல்ல" என்றாள். கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"மீன் இருந்தா, தண்ணி பக்கத்துலதான இருக்கணும்."